பழைய பூட்டைக் கழற்றணும், பழைய ஆள் வெளியே நிற்கக் கூடாது: விபிஎன் குறியாக்கத்தை எப்படி மாற்றுகிறார்கள்?

வாலிநோக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கற்பனைதான். ஆனால், கிளை அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் பழகிய காட்சியாக இருக்கும்.

உப்பளத்தை ஒட்டி ஒரு சின்ன அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு ரூட்டர். ரூட்டருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. உப்புக்காற்றில் அதன் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்துவிட்டன. ஆனாலும் ஓடுகிறது. ராமநாதபுரத்தில் உள்ள தலைமை அலுவலக சர்வரோடு இந்த இடத்தை விபிஎன் வழியாக இணைப்பது அந்தப் பெட்டிதான். சனிக்கிழமை காலையில் உப்பளத் தொழிலாளர்களின் கூலிப் பட்டியல் அதன் வழியாகப் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்து இணைப்பு வரவில்லை.

“தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சே. நாங்க எதையும் தொடல.”

“ஆமாண்ணே, நீங்க தொடல. நாங்கதான் ராத்திரி சர்வரை அப்டேட் பண்ணினோம்.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ரூட்டர் கெட்டுப்போகவில்லை, சர்வரும் கெட்டுப்போகவில்லை. அந்த ரூட்டருக்குத் தெரிந்த ஒரே பூட்டை, புதிய சர்வர் இனி பூட்டாகவே மதிப்பதில்லை. அவ்வளவுதான் நடந்தது. உலகம் முழுக்கப் பல ஆயிரம் அலுவலகங்கள் பயன்படுத்தும் ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருளில் இந்த மாற்றம் 2016-இல் தொடங்கி 2023 வரை படிப்படியாக நடந்தது. ஒரு பழைய பூட்டைக் கழற்ற ஏழு வருடமா என்று தோன்றலாம். ஏன் அவ்வளவு காலம் எடுத்தார்கள், அதற்குள் பழைய கருவிகளை எப்படித் தாங்கினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விபிஎன் என்றால் இங்கே என்ன?

இந்தக் கரையோர ஊர்களில் பலர் ‘விபிஎன்’ என்ற சொல்லை முதலில் கேட்டது அலுவலகத்தில் இருக்காது. வளைகுடாவில் இருக்கும் மகனோ மச்சானோ வீட்டுக்குப் பேச வழி தேடியபோது கேட்டிருப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் வந்த பழக்கம் அது. (அங்கே குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. அதனால் ‘எல்லாரும்தான் போடுறாங்க’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நாம் பேசப்போவது அதன் அசல் வேலையை. ஊரில் உள்ள கம்ப்யூட்டரையும் தலைமை அலுவலக சர்வரையும் பொது இணையத்தின் வழியாகவே, ஆனால் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி, ஒரு குழாய் போட்டு இணைப்பது. அந்தக் குழாய்க்குள் போகும் ஒவ்வொரு தகவலும் குறியாக்கம் செய்யப்படுகிறது. இரண்டு முனையிலும் ஒரே முறை, ஒரே சாவி இருக்க வேண்டும். ஒரு முனை ஒரு முறையிலும் மறுமுனை வேறு முறையிலும் பூட்டினால் குழாய் திறக்காது. சனிக்கிழமை காலை நடந்தது அதுதான்.

ஓப்பன்விபிஎன்னை ஜேம்ஸ் யோனன் 2001-இல் வெளியிட்டார். அதில் யாரும் தனியாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வரும் குறியாக்க முறை ப்ளோஃபிஷ். புரூஸ் ஷ்னையர் 1993-இல் உருவாக்கியது. காப்புரிமை இல்லை, இலவசம், அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் வேகமாகவும் ஓடும். ப்ளோஃபிஷ் என்றால் நம் கரையில் பேத்தை என்று வலையிலிருந்து எடுத்து எறிகிற, உடம்பை ஊதிக்கொள்ளும் மீன். மென்பொருள் உலகம் இந்தப் பேத்தையை எடுத்து எறிய யோசித்துக்கொண்டே இருந்தது. ப்ளோஃபிஷ் இன்னும் புழக்கத்தில் இருப்பது தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்று ஷ்னையரே 2007-இல் சொல்லிவிட்டார்.

எட்டு பைட்டும் இருபத்து மூன்று பேரும்

ப்ளோஃபிஷின் சாவி பலவீனமானது அல்ல. இன்றுவரை யாரும் நேரடியாகச் சாவியை உடைத்துவிடவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது தகவலை எட்டு எட்டு பைட்டாக வெட்டித்தான் பூட்டும். ஒரு துண்டு என்பது 64 பிட். இப்போதைய தரமான ஏஇஎஸ் பதினாறு பைட்டாக, அதாவது 128 பிட்டாக வெட்டுகிறது.

எட்டுக்கும் பதினாறுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 365 நாள். ஒரு வகுப்பில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் வர எத்தனை பேர் வேண்டும்? நூற்றைம்பது, இருநூறு என்று சொல்லத் தோன்றும். உண்மையில் 23 பேர் இருந்தாலே பாதிக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. 40 பேர் உள்ள வகுப்பில் நூற்றுக்கு 89. காரணம், நாம் ஒருவரின் பிறந்தநாளை மற்றவர்களோடு ஒப்பிடவில்லை. எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிடுகிறோம். ஜோடிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிடும்.

பூட்டிய துண்டுகளுக்கும் இதே கணக்குத்தான். 64 பிட் துண்டில் ஏராளமான வகை இருந்தாலும், ஒரே சாவியில் சுமார் 429 கோடி துண்டுகள் போனதும் ஏதோ இரண்டு துண்டு ஒன்றுபோல் வந்து விழும் வாய்ப்பு கணிசமாகிவிடும். ஒரு துண்டு எட்டு பைட். 429 கோடியை எட்டால் பெருக்கினால் 32 ஜிபி. 1993-இல் 32 ஜிபி என்பது யாரும் கண்ணால் பார்க்காத அளவு. இன்று தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அது பதினாறு நாள். பதினாறு பைட்டாக வெட்டும் ஏஇஎஸ்ஸில் அதே நிலை வர 27,000 கோடி ஜிபிக்கு மேல் போக வேண்டும்.

சரி, இரண்டு துண்டு ஒன்றுபோல் வந்தால் என்ன குடி முழுகிவிடும்? ப்ளோஃபிஷை ஓப்பன்விபிஎன் பயன்படுத்திய விதத்தில், ஒவ்வொரு துண்டும் அதற்கு முந்தைய துண்டோடு கலந்து பூட்டப்படும். பூட்டிய இரண்டு துண்டு ஒன்றாக இருந்தால், உள்ளே இருக்கும் இரண்டு அசல் துண்டுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெளியில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அதில் ஒன்று என்னவென்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், மற்றதும் கைக்கு வந்துவிடும். ஒன்று முன்பே தெரிந்திருப்பது அபூர்வமும் இல்லை. வெப்சைட்டைக் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்பப் போகின்றன.

2016 ஆகஸ்ட்

இது காகிதக் கணக்கு அல்ல என்று செய்து காட்டியவர்கள் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் பார்கவன், கேட்டன் லெரான் என்ற இருவர். 2016 ஆகஸ்ட் 24 அன்று ‘ஸ்வீட்32’ என்ற பெயரில் இந்தத் தாக்குதலை வெளியிட்டார்கள். ஒருவரின் பிரவுசருக்குள் ஒரு சிறு நிரலை ஓட விட்டு, ஒரே வெப்சைட்டுக்கு ஓயாமல் கோரிக்கை அனுப்ப வைத்தார்கள். அது ஓப்பன்விபிஎன் குழாய் வழியாகப் போனது. வெளியில் இருந்தபடியே பூட்டிய துண்டுகளைச் சேகரித்தார்கள். 18.6 மணி நேரம், 705 ஜிபி. முடிவில், பயனர் உள்ளே நுழைந்திருப்பதை வெப்சைட்டுக்குச் சொல்லும் 16 பைட் ரகசிய அடையாளம் அவர்கள் கையில் இருந்தது. அது கிடைத்தால் கடவுச்சொல் இல்லாமலே அவராக நுழையலாம்.

‘வெப்சைட்டுக்குத்தான் தனியாக ஹெச்டிடிபிஎஸ் பூட்டு இருக்குமே’ என்று கேட்கலாம். வெளி உலகத்து வெப்சைட்டுகளுக்கு இருக்கும். அலுவலகத்துக்கு உள்ளே இருக்கும் பக்கங்களுக்குப் பல இடங்களில் இருப்பதில்லை. ‘அதான் விபிஎன் இருக்கே’ என்று சும்மா விட்டுவிடுவார்கள். சம்பளக் கணக்கு, ஸ்டாக் கணக்கு, வருகைப் பதிவு எல்லாம் அந்த ஒற்றைக் குழாயை நம்பித்தான் நிற்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓப்பன்விபிஎன் சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சாவியை மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் இணைப்பு தடுமாறுகிறது, மறுபடி ஓடிபி கேட்கிறது என்று சிலர் அந்த அமைப்பையே அணைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஒரே ராத்திரியில் தூக்கியிருக்கலாமே?

தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம் உப்பள அலுவலகமே பதில். அப்போது புழக்கத்தில் இருந்த 2.3 பதிப்பில், குறியாக்க முறையை இரண்டு முனையிலும் கையால் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் ப்ளோஃபிஷ். சர்வரில் மாற்றினால் அதே நிமிடத்தில் எல்லாக் கிளையன்டிலும் மாற்ற வேண்டும். ஐம்பது கிளை, இருநூறு லேப்டாப், அதில் முப்பது பேர் விடுப்பில். நடக்கிற காரியமா?

மாற்றவே முடியாத கருவிகளும் இருந்தன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டருக்கு 2.3-க்கு மேல் பதிப்பே கிடையாது. 2.4 எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது. ரூட்டர்களின் கதை இன்னும் மோசம். விற்ற நிறுவனம் இரண்டு மூன்று வருடத்தில் அப்டேட்டை நிறுத்திவிடும். பெட்டி மட்டும் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் செய்தது எச்சரிக்கை மட்டும்தான். 2016 ஆகஸ்டில் வந்த 2.3.12 பதிப்பு, சிறிய துண்டாக வெட்டும் முறையை யாராவது பயன்படுத்தினால் லாக்கில் ஒரு எச்சரிக்கை வரியை எழுதத் தொடங்கியது. எதையும் தடுக்கவில்லை. அடுத்து, அப்படிப்பட்ட முறையாக இருந்தால் ஒவ்வொரு 64 எம்பிக்கும் சாவியை மாற்று என்று வைத்தார்கள். 32 ஜிபியில் வரும் ஆபத்துக்கு 64 எம்பியிலேயே கேட் போட்டாயிற்று. பூட்டு பழசுதான்; ஆனால் கள்ளச் சாவி செய்ய நேரம் கொடுப்பதில்லை. எனக்குக் கேட்டால், இந்த மொத்தக் கதையிலும் ரொம்பச் சாமர்த்தியமான வேலை இதுதான். மென்பொருளை அப்டேட் செய்ய முடிந்தவர், குறியாக்க முறையைத் தொடாமலே ஆபத்திலிருந்து விலகிவிட்டார்.

உங்கள் பர்ஸில் இருக்கும் உதாரணம்

இதே மாதிரி ஒரு மாற்றத்தை நாம் எல்லாருமே கடந்து வந்திருக்கிறோம். பழைய ஏடிஎம் கார்டில் பின்பக்கம் கறுப்புப் பட்டை மட்டும் இருந்தது. அதை நகலெடுப்பது சுலபம். 2018 டிசம்பர் 31-க்குள் எல்லாக் கார்டையும் சிப் வைத்ததாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. கார்டு மாறியது. ஆனால் புதுக் கார்டைத் திருப்பிப் பாருங்கள், கறுப்புப் பட்டை இன்னும் இருக்கும். உலகத்தில் எங்கோ ஒரு பழைய மெஷின் அதை மட்டும்தான் படிக்கும் என்பதற்காக. 2033-க்குள் தன் கார்டுகளில் அந்தப் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது.

சிப் படிக்கும் மெஷினில் சிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். சிப்பையும் படிக்கத் தெரிந்த மெஷினை ஏமாற்றிப் பட்டைக்கு இறங்க வைக்க முடிந்தால், சிப் வைத்ததற்கே பலன் இல்லை. விபிஎன் மாற்றத்திலும் இந்த ஒரு புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய ஆளுக்காகப் பழைய முறையை வைத்திருக்கலாம். புதிய ஆளை யாரும் அதற்குள் தள்ளிவிட முடியாதபடி வைக்க வேண்டும்.

தள்ளிவிட முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015-லேயே பாடம் கிடைத்திருந்தது. 1990-களில் அமெரிக்க அரசு, வலுவான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. அதற்காகவே வேண்டுமென்றே பலவீனமாக்கிய முறைகள் உருவாகின. கட்டுப்பாடு 2000-இல் தளர்ந்தது. ஆனால் ‘யாராவது பழைய ஆள் வந்தால்?’ என்று சர்வர்கள் அந்த முறைகளை எடுக்காமலே வைத்திருந்தன. 2015 மார்ச்சில் ‘ஃப்ரீக்’, மே மாதத்தில் ‘லாக்ஜாம்’ என்று இரண்டு தாக்குதல்கள் வெளியாயின. நடுவில் இருக்கும் ஒருவர் புத்தம் புதிய பிரவுசரையும் புத்தம் புதிய சர்வரையும் அந்தத் தொண்ணூறுகளின் பூட்டுக்கு இறக்கிவிட முடிந்தது. இந்த இரண்டைக் கண்டுபிடித்த குழுக்களிலும் பார்கவன் இருந்தார்.

மூன்று தலைமுறைக் கிளையன்டுகள்

2016 டிசம்பரில் வந்த ஓப்பன்விபிஎன் 2.4 இந்தச் சிக்கலை அவிழ்த்தது. இரண்டு முனையிலும் ஒரே வரியைக் கையால் எழுதுவதற்குப் பதிலாக, இணையும்போதே பேசி முடிவு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கும். முதலில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம், அடுத்து ஏஇஎஸ்-128-ஜிசிஎம் என்று. வருகிற கிளையன்டுக்கு எது தெரியுமோ அதில் பட்டியலில் மேலே இருப்பதைச் சர்வர் கொடுக்கும். ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனித்தனியாக. ஒருவருக்காக இன்னொருவர் கீழே இறங்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சும் வெட்டவெளியில் நடப்பதில்லை. முதலில் சான்றிதழ் சரிபார்த்துப் பூட்டிய தனி வழிக்குள்தான் நடக்கிறது. நடுவில் நிற்பவர் ‘எனக்குப் பழசுதான் தெரியும்’ என்று பொய்யாகச் சொருக முடியாது.

இந்தச் சர்வருக்கு முன்னால் வந்து நிற்கும் கிளையன்டுகளை மூன்று தலைமுறையாகப் பிரிக்கலாம். புதியவை, தமக்குத் தெரிந்ததைச் சொல்லும். பேரம் சுலபம். 2.3 போன்ற நடுத்தலைமுறைக்குப் பேரம் பேசத் தெரியாது. ஆனால் ‘நான் இந்த முறையில் இருக்கிறேன்’ என்று தன் அமைப்பை மட்டும் சொல்லும். சர்வர் தன் பட்டியலில் அது இருந்தால் அந்தக் கிளையன்டுக்கு மட்டும் அதற்கு இறங்கிக்கொள்ளும். மூன்றாவது, ஊமைகள். சிறிய ரூட்டர்களில் இடம் மிச்சப்படுத்த மென்பொருளைச் சுருக்கி ஏற்றுவார்கள். சுருக்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லும் பகுதியும் போய்விடும். அவை எந்த முறையில் இருக்கின்றன என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது.

2020 அக்டோபரில் வந்த 2.5 பதிப்பு இந்த ஊமைகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தந்தது. எதுவும் சொல்லாமல் வருகிறவர் இந்த முறையில்தான் இருப்பார் என்று வைத்துக்கொள் என்று ஒரே ஒரு பெயரை எழுதி வைக்கலாம். அதே பதிப்பில்தான் ப்ளோஃபிஷ் தானாக வரும் முறை என்ற தகுதியை இழந்தது. வேண்டும் என்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்த 2.6 இன்னும் ஒரு படி இறுக்கியது. கூடவே, ‘நான் இன்ன பழைய பதிப்போடு ஒத்துப்போக வேண்டும்’ என்று ஒரே வரியில் சொல்லும் வசதியையும் கொடுத்தது.

நம் கதையில் சனிக்கிழமை காலை வெடித்தது இந்த வரிசையில் எங்கே? பெரும்பாலும் விபிஎன் மென்பொருளில்கூட இல்லை, அதற்கு அடியில். ஓப்பன்விபிஎன் குறியாக்க வேலையைத் தானே செய்வதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்திடம் கொடுத்துச் செய்யும். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, ப்ளோஃபிஷைப் பழைய சாமான் அறைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டது. உபுண்டு 22.04 போன்ற லினக்ஸ் பதிப்புகள் அந்த நூலகத்தோடு வந்தன. சர்வரை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றியவருக்கு விபிஎன் அமைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் பழைய ரூட்டர் மட்டும் நின்றுவிடும். அந்தப் பழைய அறையை மறுபடி திறக்கவும் ஒரு வரி இருக்கிறது. அவசரத்துக்கு அதைப் போட்டுக் கூலிப் பட்டியலை வாங்கிவிடலாம். அதில் தப்பில்லை. திங்கட்கிழமை அதை மறந்துவிடுவதில்தான் தப்பு.

பெட்டியை மாற்ற வேண்டாம், ஒரு வரி போதும்

பழைய கருவி என்றதும் ‘புதுசு வாங்கணும்’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். பல நேரம் அது தேவையே இல்லை. ஏஇஎஸ் 2001-லேயே தரமாக அறிவிக்கப்பட்டது. பத்து வயது ரூட்டருக்கும், 2.3 பதிப்புக்கும், எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கும் ஏஇஎஸ்-256-சிபிசி என்ற முறை தெரியும். ஜிசிஎம் அளவுக்கு நவீனம் இல்லை. ஆனால் பதினாறு பைட்டாக வெட்டுவது, ஸ்வீட்32 அதைத் தொடாது. யாரும் அதைத் தேர்ந்தெடுக்காததால்தான் அந்தக் கருவி ப்ளோஃபிஷில் கிடக்கிறது. பழைய பிராசசருக்கு ஏஇஎஸ் கொஞ்சம் பாரம்தான். ஆனால் கூலிப் பட்டியல் அனுப்பும் இணைப்பில் அந்த வேகக் குறைவு யார் கண்ணிலும் படாது.

வரிசை இப்படிப் போகும். முதலில் சர்வரின் பட்டியலில் புதிய முறைகளை மேலே வைத்து, கடைசியில் ஏஇஎஸ்-256-சிபிசியையும் ப்ளோஃபிஷையும் சேர்க்க வேண்டும். இப்போது யாருக்கும் எதுவும் நிற்காது. புதிய லேப்டாப்புகள் தாமாகவே நல்ல பூட்டுக்குப் போய்விடும். இனி அவசரம் இல்லை. ஒவ்வொரு கிளையாகப் போய் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். இன்று சாயல்குடி, நாளை கீழக்கரை, வெள்ளிக்கிழமை வாலிநோக்கம். மாற்றியவர் மாறிய முறையிலும், மாற்றாதவர் பழைய முறையிலும் ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். கடைசிக் கிளை மாறியதும் சர்வரில் ப்ளோஃபிஷ் பெயரை எடுத்துவிட வேண்டும்.

ஊமை ரூட்டர்களுக்கு மட்டும் இது சரிவராது. அவற்றுக்குச் சர்வரில் ஒரே ஒரு பெயர்தான் எழுத முடியும். பாதி மாறி பாதி மாறாமல் இருக்க முடியாது. அதற்கு வழி, வேறு போர்ட்டில் இரண்டாவது சர்வர் ஒன்றை ஓட விடுவது. பழையவை பழைய போர்ட்டிலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் புதிய போர்ட்டுக்கு நகர்த்தலாம். பழைய போர்ட் வழியாக வருகிறவர் கூலிப் பட்டியல் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரூட்டரின் அந்த வரியை விபிஎன் வழியாகவே போய் மாற்றுவது, உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுவது மாதிரி. ஒரு எழுத்து தவறினால் இணைப்பு போய்விடும். அப்புறம் ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் போனோடு இருப்பது நல்லது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் உப்பள அலுவலகத்துக்கு ப்ளோஃபிஷால் உடனடி ஆபத்து ரொம்பக் குறைவு. தினம் 100 எம்பி போனால், 32 ஜிபி ஆக பதினோரு மாதம் பிடிக்கும். அதற்குள் சாவி ஆயிரக்கணக்கான முறை மாறியிருக்கும். ஆபத்து இருப்பது, அதே சர்வரில் நாள் முழுக்கப் பெரிய கோப்புகளை இழுக்கும் தலைமை அலுவலக லேப்டாப்புக்கு. உப்பள ரூட்டரைக் காரணம் காட்டி எல்லாரையும் ப்ளோஃபிஷில் வைத்திருந்த நிர்வாகிகள், ஆபத்து இல்லாதவருக்காக ஆபத்து உள்ளவரைத் திறந்து விட்டிருந்தார்கள். விலக்கை ரூட்டருக்கு மட்டும் கொடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வேறு விதமாகச் செய்தவர்கள்

ஆப்பிள் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியை ஒரு நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2012-இல் நிரூபணமாகியிருந்தது. 2016-இல் வந்த ஐஓஎஸ் 10-இல் ஆப்பிள் அதை அப்படியே எடுத்துவிட்டது. போனை அப்டேட் செய்தவர்களுக்கு அடுத்த நாள் அலுவலக இணைப்பு இல்லை. கொடூரமாகத் தோன்றும். ஆனால் பிபிடிபியில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. 32 ஜிபி வரை தாங்கும் ப்ளோஃபிஷ் வேறு, ஒரு நாளில் திறந்துவிடும் பிபிடிபி வேறு. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களில் பிபிடிபியைக் கைவிடப்போவதாக அறிவித்தது 2024 அக்டோபரில்.

வயர்கார்டு இன்னொரு பக்கம் நிற்கிறது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் சேர்ந்த விபிஎன் இது. இதில் பேரமே கிடையாது. ஒரே முறை, எல்லாருக்கும் அதுதான். கீழே இறக்கிவிடும் தாக்குதலுக்கு இடமே இல்லை. ஆனால், என்றைக்காவது அந்த முறையில் ஓட்டை வந்தால் எல்லா முனைகளும் மென்பொருளை மாற்றியாக வேண்டும். அப்டேட் நின்றுபோன ரூட்டர்கள் அன்றைக்கு என்ன செய்யும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

கடைசி ஆள் யார்?

இந்த வேலையில் பெரும்பாலும் தோற்பது தொழில்நுட்பம் அல்ல, தேதி. கார்டு பணப் பரிமாற்றத்துக்கான சர்வதேச விதிமுறையில் பழைய டிஎல்எஸ் குறியாக்கத்தை 2016 ஜூனுக்குள் நிறுத்தச் சொன்னார்கள். பலர் தயாராகவில்லை. கெடு 2018 ஜூன் 30-க்குத் தள்ளிப்போனது.

கிட்ஹப் செய்தது நல்ல முன்மாதிரி. பழைய குறியாக்கத்தை 2018 பிப்ரவரி 22 அன்று நிரந்தரமாக நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பு, முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். மெயிலைப் படிக்காதவருக்கும், தன் கருவி பழசு என்றே தெரியாதவருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மறுபடி இணைப்பும் வந்துவிடும். சரிசெய்ய இரண்டு வாரம் மிச்சம்.

நம் சர்வரிலும் இதைச் செய்யலாம். சனிக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மதியம், உப்பள அலுவலகத்துக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டு. அதற்கும் முன்னால் ஒரு மாத லாக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் எந்தக் குறியாக்கம் அமைந்தது என்று சர்வர் ஒரு வரி எழுதியிருக்கும். அதில் ‘பிஎஃப்-சிபிசி’ என்று வரும் பெயர்களை மட்டும் பிரித்தால், பெரும்பாலான இடங்களில் நினைத்ததைவிடச் சின்னப் பட்டியல்தான் கிடைக்கும். நான்கைந்து பெயர் இருக்கலாம். அதில் இரண்டு, வேலையை விட்டுப் போனவர்களின் பழைய லேப்டாப்பாக இருக்கும். அவர்களின் சான்றிதழை அன்றைக்கே ரத்து செய்துவிடலாம். மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு போன் போட்டால் போதும்.